பானெட்டைத் திறந்து பார்ப்போம்: ஏர் இன்டேக் மாற்றலாமா?

வழக்கமாக இந்த மாதத்தில் ஏசி குளிரவில்லை, டயர் தேய்கிறது என்றுதான் அதிகக் கடிதங்கள் வரும். இந்த முறை எடுத்துப் பிரித்தால் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: இன்ஜினுக்குக் காற்று போகிற வழியை மாற்றுவதற்கு வெளியில் விற்கும் ஏர் இன்டேக், கூம்பு வடிவக் கோன் ஃபில்டர், அலுமினியப் பைப். மதுரை பழங்காநத்தத்தில் என் பட்டறைக்கு வரும் பிள்ளைகளும் போனில் படத்தைக் காட்டி இதையேதான் கேட்கிறார்கள். முப்பது வருஷமாக இன்ஜின் பிரித்துக் கோர்க்கிற கை என்பதால் எனக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இதை மட்டும் பார்த்துவிடுவோம்.

கேள்வி: அண்ணே, என்னிடம் 2015 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் இருக்கிறது. 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வீடு மேலூரில். கல் உடைக்கும் கிரஷர் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன், தினமும் அந்த மண் ரோட்டில்தான் போக்குவரத்து. முன்பு இருந்த பிக்கப் இப்போது இல்லை. நண்பன் தன் காரில் சிவப்பு கோன் ஃபில்டரும் பைப்பும் மாட்டியிருக்கிறான். மிதித்தால் சத்தமே தனியாக இருக்கிறது, மைலேஜும் கூடியிருக்கிறதாம். நானும் போடலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்? (மேலூர் வாசகர்)

பதில்: தம்பி, கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். பழைய வெள்ளை வேட்டியில் ஒரு துண்டு கிழித்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் இருக்கிற பெட்டியான ஏர் பாக்ஸின் கிளிப்புகளை நெம்பித் திறந்து, இப்போது இருக்கிற ஃபில்டரை வெளியே எடுங்கள். ஃபில்டரின் அழுக்குப் பக்கத்தை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது மறுபக்கம். அங்கிருந்து த்ராட்டில் (நாம் மிதிக்க மிதிக்கத் திறக்கிற காற்றுக் கதவு) வரை போகிற கறுப்பு ரப்பர் ஹோஸுக்குள் துணியை விரலில் சுற்றி விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி எடுத்துப் பாருங்கள். லேசாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பயமில்லை, அது இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடுகிற ப்ரீதர் ஹோஸ் வழியாக வருவது. சாம்பல் நிறத்தில் கோலமாவு மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால்தான் சங்கதி. அந்தத் தூசி ஃபில்டரைத் தாண்டி இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் ஊர்த் தூசி சாதாரணத் தூசி இல்லை. கிரானைட்டில் இருக்கிற குவார்ட்ஸ், கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7. சிலிண்டர் செய்திருக்கிற வார்ப்பிரும்பு அதைவிட மென்மையானது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் போய் பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் மாட்டினால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான். முதலில் ஆயில் குறையும், அப்புறம் நீலப் புகை வரும், அப்புறம் என் பட்டறையில் ஹெட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்போம். மேலூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு காரை அப்படிப் பிரித்தேன். ஓடியது 80,000 கிலோமீட்டர்கூட இல்லை. சிலிண்டரின் மேல் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் படியில் இடறுவதுபோல நகம் இடறியது. அதில் மாட்டியிருந்தது ஒரு மலிவு கோன் ஃபில்டர். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன், துணி நெசவின் இடுக்கில் வானம் தெரிந்தது.

இப்போது பிக்கப்புக்கு வருகிறேன். உங்கள் இன்ஜின் 1,197 சி.சி. 6,000 சுற்றில் முழுதாக மிதித்தால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 3,500 லிட்டர் காற்றை இழுக்கும், அதாவது ஏழு 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. இவ்வளவு காற்று ஒரு காகித ஃபில்டர் வழியாகப் போகும்போது அடைபடாதா என்ற சந்தேகம் எனக்கும் ரொம்ப நாள் இருந்தது. விற்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். அதனால் அளந்தே பார்த்தேன். அதற்கு லட்ச ரூபாய் மெஷின் வேண்டியதில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கிற, கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் டியூப் இருக்கிறதே, அதில் ஒரு நீளம் வாங்கினேன். நன்றாகத் தெரிவதற்காகத் தண்ணீரில் சொட்டு நீலம் இரண்டு துளி விட்டு, டியூபை ‘ப’வைப்போல வளைத்து மர ஸ்கேலில் கட்டினேன். ஒரு முனையை ஃபில்டருக்குப் பின்னால் ஹோஸில் செருகி, பானெட் இடுக்கு வழியாக ஜன்னலுக்குள் கொண்டுவந்தேன். மறுமுனை திறந்தே இருந்தது. இன்ஜின் காற்றுக்குத் திணறினால் ஒரு பக்கம் தண்ணீர் ஏறும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு அடைப்பு.

வண்டி உங்களுடையதைப் போன்ற ஸ்விஃப்ட்தான். விடிகாலையில் ரிங் ரோட்டில், இரண்டாவது கியரில் முழுதாக மிதித்து 6,000 சுற்றைத் தொட்டேன். பக்கத்து சீட்டில் என் உதவியாள் தம்பி ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சத்தமாகச் சொன்னான். புதுக் காகித ஃபில்டருடன் 14 செ.மீ. ஃபில்டரையே எடுத்துவிட்டு வெறும் பெட்டியுடன் ஒரே ஒரு ஓட்டம் ஓட்டினேன், 8 செ.மீ. அதாவது புது ஃபில்டரின் பங்கு வெறும் 6 செ.மீ. காற்றழுத்தத்தைத் தண்ணீர்க் கணக்கில் சொன்னால் பத்து மீட்டர் சொச்சம், 1,033 செ.மீ. அதில் 6 என்பது ஒரு சதவீதம்கூட இல்லை. உங்கள் காரின் 83 குதிரைத்திறனில் அது அரைக் குதிரை. பெட்டி, குழாய் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டாலும் போகிற அடைப்பு 14 செ.மீ.தான், ஒரு குதிரைத்திறன் சொச்சம். அதுவும் 6,000 சுற்றில். கோரிப்பாளையத்தில் மூன்றாவது கியரில் 2,000 சுற்றில் ஊர்ந்து போகும்போது தண்ணீர் அசையவே இல்லை.

அதே வண்டியில் கிரஷர் ரோட்டில் 20,000 கிலோமீட்டர் ஓடிய ஒரு பழைய ஃபில்டரை மாட்டிப் பார்த்தேன். 31 செ.மீ. ஏறியது. தம்பி, உங்கள் பிக்கப்பில் ஒரு பங்கு போயிருப்பது இங்கேதான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் 2009-ல் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து வைத்துச் சோதித்தார்கள். இன்ஜெக்‌ஷன் உள்ள பெட்ரோல் கார்களில் மைலேஜ் மாறவில்லை, முழுதாக மிதித்து வேகம் எடுக்கிற நேரம்தான் மோசமானது. ஃபில்டரை மாற்றினால் அந்த நேரம் 6 முதல் 11 சதவீதம் வரை தேறும் என்பது அவர்கள் கண்டது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டியில் மட்டும் மைலேஜும் தேறியது.

மைலேஜ் ஏன் மாறுவதில்லை என்றால், பெட்ரோல் வண்டியில் பாதி மிதியில் போகும்போது காற்றை அடைத்து வைத்திருப்பதே த்ராட்டில் தட்டுதான். வாசல் கதவை முக்கால்வாசி சாத்தி வைத்துவிட்டு, தெருமுனையில் கேட்டை அகலப்படுத்தி என்ன பயன்? வருகிற காற்றை அளந்து அதற்கேற்ற பெட்ரோலைத்தான் கம்ப்யூட்டர் விடுகிறது. நண்பருக்கு மைலேஜ் கூடியது உண்மையாகவே இருந்தால், புது ஃபில்டர் போட்டபோது பிளக்கையும் மாற்றினார்களா, டயரில் காற்று பார்த்தார்களா என்று கேளுங்கள்.

அப்புறம் சூடு. இதை யாரும் கடையில் சொல்வதில்லை, எனக்கு இதில்தான் கோபம் வருகிறது. கம்பெனிக்காரன் வைத்த பெட்டி பார்க்க அழகாக இல்லை, சரி. ஆனால் அதன் மூக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான கார்களில் ரேடியேட்டரின் மேல் விளிம்பிலோ ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ, வெளிக்காற்றைப் பிடிக்கிற இடத்தில் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு பானெட்டுக்குள் திறந்த கோனை மாட்டினால், ரேடியேட்டர் தள்ளுகிற வெந்த காற்றைத்தான் இன்ஜின் குடிக்கும். மே மாதம் காளவாசல் சிக்னலில் நின்று கம்பித் தெர்மாமீட்டரில் பார்த்தேன். வெளியே 39 டிகிரி. ஒரிஜினல் மூக்கின் வாயில் 44. அதே வண்டியில் கோன் இருந்த இடத்தில் 66. சூடான காற்று விரிந்து லேசாகிவிடும், ஒவ்வொரு மூன்று டிகிரிக்கும் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 22 டிகிரி வித்தியாசத்தில் ஆறு சதவீதத்துக்கு மேல் காற்று குறைகிறது. ஒரு சதவீதம் பிடிக்கப் போய் ஆறைக் கொட்டுகிறோம். வண்டி எண்பதில் ஓடும்போது வித்தியாசம் ஆறு டிகிரிக்கு இறங்கிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சிக்னல் விழுந்ததும் பாய வேண்டும் என்றுதானே பிக்கப் கேட்கிறோம்? அந்த நேரத்தில்தான் சூடு உச்சத்தில் இருக்கிறது.

சத்தத்தைப் பற்றி: ஏர் பாக்ஸோடு ஒட்டி, ஒரு வேலையும் இல்லாத மாதிரி ஒரு பிளாஸ்டிக் குடுவை தொங்கும். ரெசனேட்டர் என்று பெயர். வால்வு திறந்து மூடும்போது எழுகிற உறுமலை அது விழுங்குகிறது. கோன் போட்டதும் அந்த உறுமல் வெளியே வந்துவிடும். அந்தச் சத்தம் பிடிக்கும் என்றால் அது ஒரு நியாயமான ஆசை, நான் குறை சொல்லவில்லை, எனக்கும் பிடிக்கும். சத்தத்தை வேகம் என்று எண்ணிக் காசு கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டது எதைப் பார்த்து வாங்குவது என்று. மண் ரோட்டில் ஓட்டுகிற உங்களுக்கு என் பதில்: ஒரிஜினல் காகித ஃபில்டர், சில நூறு ரூபாய்தான். கையேட்டில் தூசி ரோட்டுக்குத் தனியாக, சீக்கிரம் மாற்றச் சொல்லும் அட்டவணை இருக்கும், அதைப் பின்பற்றுங்கள். உங்கள் ரோட்டை நான் பார்த்திருக்கிறேன், பத்தாயிரத்துக்கு ஒன்று மாற்றினாலும் தப்பில்லை. மாட்டும்போது பெட்டியின் விளிம்பில் படிந்த மண்ணை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். ஒரு மணல் பரு ரப்பருக்கு அடியில் இருந்தால் போதும், அந்த இடுக்கில் நாள் முழுக்கத் தூசி போகும். கூடவே பிளக்கையும் த்ராட்டிலில் படிந்த கரியையும் கிளட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். 92,000-ல் இந்த மூன்றுமே பிக்கப்பைத் தின்னும்.

மதுரைக்குள் தார் ரோட்டில் மட்டும் ஓட்டுகிறவர், ஆசைக்கு ஒன்று மாற்றிப் பார்க்க வேண்டும் என்றால், பெட்டியைத் தொடாமல் உள்ளே இருக்கிற தட்டை ஃபில்டரை மட்டும் மாற்றலாம். எண்ணெய் பூசிய பருத்தியில் கழுவிக் கழுவிப் போடுகிற ஃபில்டரை உலகத்துக்குப் பழக்கியது கலிஃபோர்னியாவின் கே அண்ட் என். இத்தாலியின் பி.எம்.சி.யும் அதே வகை. வாங்கும்போது பெயரைப் பார்ப்பதோடு விளிம்பு ரப்பரைத் தொட்டுப் பாருங்கள். நம் நகம் பதிந்து திரும்பி எழுகிற மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 5011 என்ற சோதனையில் எத்தனை சதவீதம் தூசியைப் பிடித்தது என்று கேளுங்கள். 99 என்பதற்கும் 97 என்பதற்கும் இரண்டுதானே வித்தியாசம் என்று தோன்றும். உள்ளே போகிற தூசியின் கணக்கில் அது ஒன்றுக்கு மூன்று.

இன்டேக் செட்டாகவே வேண்டும் என்று நிற்பவர்கள் மூடிய பெட்டிக்குள் கோன் இருக்கிற, வெளிக்காற்றுக்குத் தனிக் குழாய் வருகிற, உங்கள் மாடலுக்கென்றே செய்ததை மட்டும் பாருங்கள். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருப்பதை எடுக்காதீர்கள். ஏன் என்பது அடுத்த கடிதத்தில் இருக்கிறது.

கேள்வி: என் மகன் அவன் பெட்ரோல் காரில் ஏர் இன்டேக் பைப் மாட்டியிருக்கிறான். மாட்டிய மறுநாளிலிருந்து சிக்னலில் நின்றால் இன்ஜின் தடுமாறுகிறது, மஞ்சள் விளக்கு எரிகிறது. கடைக்காரர் ‘ஓடி ஓடி செட்டாகிவிடும்’ என்கிறார். பள்ளிக்கு என்னையும் அந்தக் காரில்தான் கொண்டுவிடுகிறான், நடுரோட்டில் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. (திருநகர் ஆசிரியை)

பதில்: டீச்சர், அது ஓடிச் செட்டாகாது. ஸ்கேனர் மாட்டினால் பெரும்பாலும் பி0171 என்ற கோளாறு எண்ணைக் காட்டும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள்.

பல கார்களில் ஏர் பாக்ஸை அடுத்த குழாயில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். உள்ளே இழை மாதிரி ஒரு கம்பி சூடாக இருக்கும். காற்று அதைக் குளிரவைக்கிற அளவை வைத்து, எவ்வளவு காற்று போகிறது என்று கணக்குப் போடும். அந்தக் கணக்கு அந்தக் குழாயின் அகலத்துக்கு மட்டும்தான் சரி. 70 மி.மீ. குழாய் இருந்த இடத்தில் 76 மி.மீ. மாட்டினால், ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். நீங்கள் கணக்கு டீச்சராக இருந்தால் உடனே போட்டுவிடுவீர்கள், பரப்பளவு 18 சதவீதம் கூடுகிறது. அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைவாகச் சொல்லும், பெட்ரோல் குறைவாக விழும்.

மகனிடம் மூன்று இடம் பார்க்கச் சொல்லுங்கள். குழாயின் உள் அகலம் பழையதோடு ஒத்துப்போகிறதா? சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா? இன்ஜின் தலையிலிருந்து வருகிற ப்ரீதர் ஹோஸைப் புதுப் பைப்பில் இணைத்தார்களா, அல்லது முனையில் சின்னதாக ஒரு ஃபில்டரை மாட்டித் தொங்கவிட்டார்களா? தொங்கவிட்டிருந்தால் சென்சார் எண்ணாத காற்று அந்த வழியாக உள்ளே போகும். புதுக் கோனில் எண்ணெய் சொட்டச் சொட்ட ஊற்றியிருந்தால் அந்தச் சூட்டுக் கம்பியிலும் படிந்திருக்கும். அதற்கென்றே விற்கிற ஸ்ப்ரே அடிக்க வேண்டும், பட்ஸ் விட்டுத் துடைத்தால் கம்பி அறுந்துவிடும்.

இதெல்லாம் சரிபார்க்கும் வரை பழைய பெட்டியை மாட்டி ஓட்டட்டும். விளக்கு தானாக அணைந்துவிட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். பழைய பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் இன்றைக்கே போய் வாங்கிவரச் சொல்லுங்கள்.

கேள்வி: அய்யா, உசிலம்பட்டியிலிருந்து பூவும் காய்கறியும் ஏற்றுகிற டீசல் லோடு வண்டி. தோட்டத்துக்குள் வண்டிப்பாதையில் போக வேண்டும். தினமும் ஃபில்டரைக் கழற்றி கம்ப்ரஸரில் காற்றடித்துத்தான் மாட்டுகிறேன். கழுவுகிற ஃபில்டராக வாங்கிவிட்டால் செலவு மிச்சமா? (உசிலம்பட்டி வாசகர்)

பதில்: அய்யா, வண்டியைப் பிள்ளை மாதிரி பார்க்கிறீர்கள் என்பது தெரிகிறது. ஆனால் அந்தத் தினசரிக் காற்றடிப்பை முதலில் நிறுத்துங்கள். காகித ஃபில்டர் புதிதாக இருப்பதைவிட, மேலே மெல்லிய தூசிப் படலம் படிந்த பிறகுதான் நுண்தூசியை நன்றாகப் பிடிக்கும். காபி வடிகட்டியில் தூள் படிந்த பிறகு டிகாஷன் தெளிவாக இறங்குகிற மாதிரி. நீங்கள் தினமும் அந்தப் படலத்தை ஊதிவிடுகிறீர்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரின் அழுத்தத்துக்குக் காகிதத்தில் ஊசிக்கண் துளையும் விழும். இருட்டில் ஃபில்டருக்குள் செல்போன் டார்ச்சை விட்டுச் சுற்றிலும் பாருங்கள். எங்காவது நட்சத்திரம் மாதிரி வெளிச்சம் பொட்டுவைத்தால் அதை அன்றே தூக்கிப் போடுங்கள்.

கட்டாயம் ஊத வேண்டுமென்றால் உள்ளிருந்து வெளியே, 30 பி.எஸ்.ஐ.க்குள், ஒரு சாண் தள்ளிப் பிடித்து. அதுவும் எப்போதாவதுதான். உருளை வடிவ ஃபில்டர் பெட்டி என்றால் அடியில் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் இருக்கும். காலையில் வண்டி எடுக்கும்போது அதை இரண்டு முறை அமுக்கிவிடுங்கள், கைப்பிடி மண் கொட்டும். தினமும் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

கழுவுகிற ஃபில்டர் உங்கள் வேலைக்குத் தோதில்லை. கழுவினால் நிழலில் முழுதாகக் காய வேண்டும், அப்புறம் எண்ணெய் விட்டு அது ஊற வேண்டும். அதுவரை வண்டி நிற்கும். விடிகாலை பூ மார்க்கெட்டுக்கு அவசரப்பட்டு ஈரத்தோடோ எண்ணெய் இல்லாமலோ ஒருநாள் மாட்டிவிட்டால், அன்றைக்குப் போகிற தூசி, இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற டர்போவில்தான் படும். அதன் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது. அந்த வேகத்தில் மணல் பட்டால் இறக்கையின் ஓரம் அரத்தில் ராவிய மாதிரி ஆகிவிடும். டர்போ விலைக்கு வாழ்நாள் முழுக்கக் காகித ஃபில்டர் வாங்கிப் போடலாம்.

கேள்வி: வத்தலக்குண்டில் டாக்ஸி ஓட்டுகிறேன். பெட்ரோல் கார். கொடைக்கானல் ஏற்றத்தில் நாலு பேர் உட்கார்ந்தால் வண்டி அழுகிறது. கோல்ட் ஏர் இன்டேக் போட்டால் ஏறுமா?

பதில்: வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுக்கிற குழாய்தானே கேட்கிறீர்கள்? ஏறாது தம்பி. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றே மெலிந்துவிடுகிறது. டர்போ இல்லாத இன்ஜின் கீழே கொடுக்கிற சக்தியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கை மேலே இழந்துவிடும். எந்தக் குழாயை மாட்டினாலும் இல்லாத காற்றை அது கொண்டுவராது. ஒரு கியர் குறைத்து, சுற்றை 3,000-க்கு மேல் வைத்து ஏற்றுங்கள். டாப் கியரிலேயே அழுத்திப் பிடித்து இன்ஜினைத் திணறவிடாதீர்கள். அடுத்த முறை வண்டி மாற்றும்போது டர்போ உள்ளதாகப் பாருங்கள், மலையில் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: ஏர் இன்டேக் மாற்றினால் ஆர்.டி.ஓ., போலீஸ் பிரச்சினை வருமா? இன்ஷூரன்ஸ் என்ன ஆகும்? (அண்ணா நகர் வாசகர்)

பதில்: பெட்டிக்குள் இருக்கிற தட்டை ஃபில்டரை மட்டும் மாற்றுவது பிரேக் ஷூ மாற்றுகிற மாதிரி தேய்மானப் பொருள் மாற்றுவதுதான், அதற்கு யாரும் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. பெட்டியையே கழற்றிக் குழாய் மாட்டுவது வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைப் பற்றியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில் அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது.

நடைமுறையில் உங்களை முதலில் தொடுவது வாரண்டிதான். புது வண்டி என்றால் இன்ஜினில் எந்தக் கோளாறு வந்தாலும் ஷோரூமில் விரல் அந்தப் பைப்பை நோக்கித்தான் நீளும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு மாட்டுங்கள். சொல்லாமல் மாட்டி, பிறகு கிளெய்முக்குப் போய் நிற்காதீர்கள்.

கேள்வி: செல்லூரில் இருக்கிறோம். என் தம்பி பம்பருக்குள் வரை நீளமாகப் போகிற இன்டேக் மாட்டப் போகிறான். தண்ணீர் தேங்கினால் ஆபத்து என்று அவனிடம் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான். நீங்கள் சொன்னால் கேட்பான். (செல்லூர் வாசகி)

பதில்: அம்மா, இந்தப் பக்கத்தை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

தம்பி, சூட்டைப் பற்றி மேலே நான் எழுதியதைப் படித்தால் உங்கள் யோசனை சரி என்றுதான் தோன்றும். பம்பருக்குள் காற்று குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே ஃபில்டர் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும்? உங்கள் முழங்காலைவிடக் கீழே. ஒரு நல்ல மழைக்கு மணிநகரம் சுரங்கப்பாதையில், கர்டர் பாலத்தடியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் செல்லூரில் கண்மாய் நிரம்பினால் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. ஒரிஜினல் மூக்கை ஹெட்லைட் உயரத்தில் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் இதுதான்.

காற்றை அமுக்கினால் அமுங்கும், தண்ணீர் அமுங்காது. ஃபில்டர் தண்ணீரில் முங்கிவிட்டால் இன்ஜின் உறிஞ்சு குழல் போட்டு இழுத்த மாதிரி தண்ணீரை இழுக்கும். ஒரு டம்ளர் சிலிண்டருக்குள் போனாலே போதும், பிஸ்டன் மேலே வரும்போது இடம் இல்லாமல் பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும். போன வருஷ மழையில் எனக்கு வந்த ஒரு காரின் ராடை எடுத்துப் பட்டறை மேசையில் கண்ணாடித் துண்டின் மேல் வைத்தேன், நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. அந்தப் பையன் கர்டர் பாலத்தடியில் முன்னால் போன பஸ்ஸின் பின்னாலேயே போயிருக்கிறான். பஸ் கிளப்பிய அலைதான் பம்பரில் ஏறியது. தண்ணீர் ஆழம் முக்கால் அடிதான் இருந்ததாம். வண்டி நின்றதும் மூன்று முறை செல்ஃப் அடித்திருக்கிறான். எனக்குத் தெரிந்து ராடை வளைத்தது மூன்று முறை அப்படிச் செல்ஃப் அடித்ததுதான். சாதாரண பாலிசி என்பதால் இன்ஷூரன்ஸும் வரவில்லை. அதற்கு இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்து எடுத்திருக்க வேண்டும்.

அதனால் செல்லூரில் இருக்கும் வரை அந்த நீளக் குழாய் வேண்டாம் தம்பி. குளிர்ந்த காற்றுதான் வேண்டும் என்றால் ஒரிஜினல் பெட்டியின் மூக்கு கழன்றோ விரிசல் விட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். இடித்து டிங்கர் பார்த்த வண்டிகளில் பாதிக்கு அந்த மூக்கைத் திரும்ப மாட்டுவதே இல்லை. மாட்டினாலே போதும், சல்லிக் காசில் கோல்ட் ஏர் கிடைத்துவிடும்.

எந்த இன்டேக் இருந்தாலும், தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். இறங்கித் தள்ளி மேட்டில் ஏற்றுங்கள். ஏர் பாக்ஸைத் திறந்து ஃபில்டரைக் கையால் தடவிப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஸ்டார்ட் பண்ணலாம். ஈரமாக இருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிய பிறகுதான் இன்ஜினைச் சுற்ற வேண்டும், உள்ளே தண்ணீர் இருந்தால் அந்த ஓட்டை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்துவிடும். அதை நீங்களே செய்ய வேண்டாம், மெக்கானிக் வரும் வரை வண்டி அப்படியே நிற்கட்டும்.